பாலித்தீன் டனல் போட்டும் உறைபனியில் செடி கருகுது, எங்கே தப்பு?

தலைகுந்தா_பாத்தி:
வணக்கம். ஊட்டி பக்கம் தலைகுந்தா. 10 அடி நீளம், 3 அடி அகலப் பாத்தி. லெட்யூஸ், பீன்ஸ், காலிஃபிளவர் நாற்று இருக்கு. அரை இஞ்ச் பிவிசி பைப்பை வளைச்சு மூணு வளைவு நட்டு, சாதாரண பாலித்தீன் ஷீட் போட்டு மூடியிருக்கேன். சூடு நிக்கட்டும்னு உள்ளே மண் மேல வைக்கோலும் பரப்பியாச்சு. காலையில பார்த்தா ஷீட்டைத் தொட்ட லெட்யூஸ் இலை வேகவச்ச கீரை மாதிரி கிடக்கு, பீன்ஸ் மொத்தமும் கறுத்துப்போச்சு. பக்கத்துல மூடாமலே விட்ட கேரட்டுக்கு ஒண்ணும் ஆகல! வளைவுக்கு நடுவுல ஷீட் தொங்குது, ஒரு பைப் மடிஞ்சும்போச்சு. என்ன மாத்தணும்?

மலைக்காய்கறி:
கேரட்டை வச்சு டனலை எடை போடாதீங்க. கேரட் லேசான உறைபனியைத் தாங்கும், பீன்ஸ் பூஜ்ஜியம் டிகிரியிலேயே செத்துடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் தாழ்வான பள்ளத்துல பீன்ஸ் வேண்டாம்.

மேகமில்லாத, காத்தில்லாத ராத்திரியில தரையும் இலையும் தங்களோட சூட்டை வானத்தைப் பார்த்துக் கதிர்வீச்சா விட்டுடும். அந்தக் கதிர் பாலித்தீனைத் தாண்டிப் போயிடும். அதனால ஒத்தை ஷீட் காத்தைத்தான் தடுக்கும், சூட்டைப் பெரிசாப் பிடிச்சு வைக்காது. சில ராத்திரி உள்ளே வெளியைவிடக் குளிர்றதும் உண்டு. சாயங்காலம் நாலரை மணிக்குள்ள, சூடு உள்ளே இருக்கும்போதே, ஷீட் மேல பழைய கம்பளியோ தைச்ச சாக்கோ போட்டு மூடுங்க. காலையில ஐஸ் கரைஞ்சதும் எடுத்துடணும்.

வைக்கோலை உடனே அள்ளிடுங்க. பகல்ல வெயில் மண்ணுல இறங்கவும் விடாது, ராத்திரி மண்ணுச் சூடு செடிக்கு ஏறவும் விடாது. மண் வெறுமையா, ஈரமா இருக்கணும். தண்ணி பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள்ள வேர்ல ஊத்துங்க. சாயங்காலம் இலையில தெளிக்கவே கூடாது.

கம்பி_வளைவு:
3 அடி அகலத்துக்கு அரை இஞ்ச் பிவிசியை வளைச்சா மடியத்தான் செய்யும், அதுவும் குளிர்ல. இன்னொரு தொல்லை, வெயில்ல சூடேறுற பிவிசி தொடுற இடத்துல ஷீட் சீக்கிரம் நொறுங்கிடும். 6 எம்எம் கம்பி வாங்குங்க, மீட்டருக்கு 222 கிராம், எடைக்குத் தருவாங்க. ஒரு வளைவுக்கு 1.8 மீட்டர். மேலே 1.4 மீட்டர் அரைவட்டம், ரெண்டு பக்கமும் 20 செ.மீ. மண்ணுக்குள்ள. நடு உயரம் 45 செ.மீ. வரும். இரண்டரை அடிக்கு ஒண்ணுன்னு உங்க பாத்திக்கு அஞ்சு வளைவு, மொத்தம் ரெண்டு கிலோ கம்பி. மேலே 16 எம்எம் கறுப்பு சொட்டுநீர் பைப் மாட்டுங்க, ஏழு மீட்டர் போதும். துரு ஷீட்டைக் கிழிக்காது.

தொங்குறதுக்கு மருந்து ஒரு நைலான் கயிறுதான். பாத்தியோட ஒரு முனையில முளை அடிச்சு, வளைவோட உச்சியில ஒவ்வொண்ணுலயும் ஒரு சுத்து சுத்தி, மறுமுனை முளையில இழுத்துக் கட்டுங்க. ஷீட்டுக்கும் இலைக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி கட்டாயம். ஷீட் உள்பக்கம் வேர்க்கும், அந்தத் தண்ணி உறையும்போது தொட்டுக்கிட்டிருக்கற இலையும் சேர்ந்து உறைஞ்சுடும். உங்க லெட்யூஸுக்கு நடந்தது இதுதான்.

ஷீட் 2 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம். யூவி, அதாவது வெயிலோட புற ஊதாக் கதிரைத் தாங்குற ஷீட்டான்னு கேட்டு வாங்குங்க. பாலிஹவுஸ் போடறவங்ககிட்ட 200 மைக்ரான் மிச்சத்துண்டு கிடைக்கும். சாதா ஷீட் ஒரு சீசன்லயே பொடியும். கந்தகத் தூள் அடிச்சாலும் யூவி ஷீட் கெடும். ஒரு பக்கத்தை மண்ணுல புதைங்க, மறுபக்கத்தை மண்மூட்டையால அமுக்குங்க. அப்பதான் திறக்க முடியும்.

தலைகுந்தா_பாத்தி:
ரொம்ப நன்றி அண்ணா. பகல்லயும் மூடியே வைக்கலாமா? காலிஃபிளவர் நாற்று எட்டு தனியா ஓரத்துல நிக்குது, அதுக்கு மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலை அறுத்துக் கவுத்து வைக்கலாம்னு பார்க்கிறேன்.

மலைக்காய்கறி:
மூடியே வச்சா கெட்டுது. நல்ல வெயில்ல மத்தியானம் உள்ளே 40 டிகிரி தாண்டும், செடி இளசா ஓடும், அடுத்த பனிக்கு அதுதான் முதல்ல விழும். ஒன்பது மணிக்கு மண்மூட்டைப் பக்கத்தைத் தூக்கிக் கயிறுமேல போட்டுடுங்க.

சின்ன பாட்டிலுக்கு அலைய வேண்டாம், நம்ம நீலகிரி மாவட்டத்துல அதுக்குத் தடை வேற. பழைய 20 லிட்டர் கேன்ல அடியை அறுத்துட்டுக் கவுத்து, சுத்தி ரெண்டு இஞ்ச் மண் அணைங்க. மூடி பகல்ல திறந்து, ராத்திரி போட்டு. இலை சுவர்ல முட்டினா கேனை எடுத்துடுங்க.

பனிக்காலம்:
ஷீட்டே வேண்டாம்னா க்ராப் கவர்னு விக்கிற நான்வோவன் (நெய்யாத) துணி, 17லிருந்து 30 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரைக்கும், இதே வளைவு மேல போடலாம். காத்து உள்ளே போய் வரும், காலையில ஒன்பது மணிக்கே ஓட வேண்டியதில்லை. கடும் பனிக்கு ரெண்டு அடுக்கு. அதுவும் கிடைக்கலன்னா ஊட்டி பூங்காவுல செடிக்கு மேல போடற கோத்தகிரி மலார்ங்கிற செடியை வளைவுமேல சாத்துங்க, செலவே இல்ல.

அப்புறம் பாத்தி சரிவோட அடிப்பக்கம் இருக்கா? கீழே வேலியோ சுவரோ அடைச்சிருந்தா குளிர்காத்து அங்கேயே தேங்கும். வேலியோட அடியில ரெண்டடிக்கு வழி விடுங்க.

தலைகுந்தா_பாத்தி:
ஆமா, கீழ்ப்பக்கம் தகரம் அடிச்சிருக்கு. அதைக் கழட்டிட்டு கம்பி வாங்கிடறேன்.