உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்காக, திருநங்கையரில் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையே உள்ள பிணைப்பை அறிய விழுப்புரத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சில மாதங்கள் சென்று வந்தேன். “மனம் உடையும்போது யாரிடம் பேசுவீர்கள்?” என்ற என் முதல் கேள்விக்கு அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. அவளுடைய அம்மா, அதாவது திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத்தின் பெரியவர்கள் முன்னிலையில் அவளை மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கை, வாசல் வெளிச்சத்தில் அவள் முகவாயை நிமிர்த்திப் பிடித்து, சிமிட்டா என்னும் சிறு இடுக்கியால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வலியில் அவள் கண் கலங்கும்போதெல்லாம் கையை நிறுத்தி, ஈரத்துணியால் ஒற்றிவிட்டுத் தொடர்ந்தார். “எனக்கு யாரும் சொல்லித் தரல கண்ணு, பிளேடு போட்டுப் போட்டே கன்னம் கறுத்துப் போச்சு” என்றார் என்னிடம். என் கேள்விக்கான பதில் அதுதான் என்பது எனக்கு வீடு திரும்பிய பிறகே புரிந்தது.

கெய்ட்லின் ரையன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வை அப்போது படித்துக்கொண்டிருந்தேன். 21 முதல் 25 வயது வரையிலான, தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட 224 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், பதின்பருவத்தில் குடும்பத்தாரால் கடுமையாக நிராகரிக்கப்பட்டவர்கள் தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு, அவ்வளவாக நிராகரிக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாக இருந்தது. அந்த ஆய்வு அளந்தது பெற்ற வீட்டின் நிராகரிப்பை. அந்த வீடு கதவைச் சாத்திய பிறகு, அதே துயரத்தை முப்பது ஆண்டுகளுக்கு முன் தனியாகக் கடந்த ஒருத்தி இன்னொருத்தியைத் தாங்குவதையே நான் கண்ணெதிரே கண்டேன்.

ஜமாத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சம்பாத்தியத்தில் பங்கு, விலகிப் போனால் தண்டம் என்று இளையவர்கள் மனம் கசந்து சொன்னவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க அம்மாவும், அம்மாவிடம் கோபித்துக்கொண்டால் போய் உட்கார அம்மாவின் அம்மாவான நானியும் அவளுக்கு இருந்தார்கள்.

நான்காம் மாதத்தில் ஓரிரவு அவளுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு, அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்த உறவினர்தான் கையெழுத்திட வேண்டும் என்று அங்கிருந்த ஊழியர் பிடிவாதமாகச் சொன்னார். பெற்ற தந்தையோ தொலைபேசியை எடுத்து, பெயரைக் கேட்டதும் துண்டித்துவிட்டார். 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் ரத்த உறவு, திருமணம், சட்டப்படியான தத்து ஆகியவற்றால் அமைவதையே குடும்பம் என்கிறது. தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், இணைந்து வாழ விரும்பிய இரு பெண்களின் வழக்கில் ஏற்றுக்கொண்டதைப் படித்தபோது, எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பணிக்கு வந்த மருத்துவர் ஒருவர் அம்மாவே கையெழுத்திடலாம் என்றார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் படிவத்தை நான் நிரப்பினேன். ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் என் பேனா தயங்கி நின்றது. தள்ளுபடுக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் தலையைத் திருப்பிப் பார்த்து, “அம்மான்னு எழுதுங்கக்கா” என்றாள்.