புதுப்பிப்பு: விஐபி டிக்கெட் எடுத்துப் போய் வந்தேன்

திறந்த மைதானத்து இசைநிகழ்ச்சிக்கு 25,000 ரூபாய் விஐபி டிக்கெட் எடுக்கலாமா, 7,500 போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அம்மாவுக்காக விஐபிதான் எடுத்தேன். தனி வாசல், முழங்கால் வலியோடு அம்மா வரிசையில் நிற்க வேண்டி வரவில்லை, அதற்கே பாதிக் காசு தகும். ஆனால் சத்தம்! நாங்கள் இருந்த மூன்றாம் வரிசைக்கு நேரே தரையில் பேஸ் (அடித்தொனி) ஸ்பீக்கர் பெட்டிகள், நெஞ்சு அதிர்ந்தது, குரலோ மேலே தொங்கிய ஸ்பீக்கர்களிலிருந்து எங்கள் தலைக்கு மேலால் பின்னுக்குப் போய்விட்டது. அம்மா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டார். நடுவில் எழுந்துபோய், பின்னால் சவுண்ட்காரர்களின் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன், வயலின்கூடத் தெளிவு. இனி மைதானம் என்றால் அந்த மேசைக்கு அருகில் உள்ள கதிரைதான். கொழும்பு நெலும் பொக்குண மாதிரி மூடிய மண்டபத்துக்கு விஐபி தேவையே இல்லை.