சின்னக் காம்பிங் ரெயிலர் வாங்கலாமோ? வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

ஏஜாக்ஸ்_பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மனிசி, நான், 7 வயசிலயும் 4 வயசிலயும் இரண்டு பிள்ளையள். மூண்டு கோடையாக் கூடாரம் அடிச்சுத்தான் போறம். போன ஆடி மாதம் ஒன்ராறியோவில போன் எக்கோ பார்க்கில இரண்டு இரவு விடாமல் மழை. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து, இடையில கட்டிக்கொண்டு வந்திட்டம். அதுக்குப் பிறகு மனிசி சொல்லிப்போட்டா, இனிமேல் நிலத்தில படுக்க வரமாட்டன் எண்டு.

இப்ப இரண்டு ரெயிலர் பாத்து வச்சிருக்கிறன். ஒண்டு 16 அடி, 12 வருசம் பழசு, மரச் சட்டத்துக்கு மேல அலுமினியத் தகடு அடிச்சது. உள்ளுக்குக் கழிப்பறை, சுடுதண்ணி எல்லாம் இருக்கு. 9,500 டொலர் கேக்கினம். மற்றது 1974ஆம் ஆண்டு போலர், 13 அடி, முட்டை மாதிரி இருக்கும். அதுக்கு 8,000. ஐம்பது வருசப் பழசுக்கு இந்த விலையோ எண்டு அப்பா ஏசிறார். எங்களிட்ட நிக்கிற கார் 2020 ராவ்-4. வாங்கிறதுக்கு முன்னம் எதைப் பாக்கவேணும்? வாங்கினாப் பிறகு என்ன வேலை வரும்? அனுபவம் உள்ள ஆக்கள் சொன்னால் பெரிய உதவி.

நெடுந்தீவான்:

தம்பி, என்னட்டையும் போலர்தான் நிக்குது. 1973ஆம் ஆண்டுது. 2009இல பீற்றர்பரோப் பக்கம் ஒரு தோட்டக்காரரிட்ட வாங்கினனான். பிள்ளையள் அதுக்குள்ளதான் வளந்தவை. அதால கொஞ்சம் நீட்டி எழுதப்போறன், குறை நினைக்காதையுங்கோ.

முதல்ல கார். ராவ்-4இல எல்லாம் ஒரே அளவு இழுக்காது. சாதாரணமா வாற பெற்றோல் ராவ்-4க்கு 1,500 இறாத்தல்தான் எல்லை, அதாவது 680 கிலோ. ட்ரெயில் எண்டு வாறது மட்டும் 3,500 வரைக்கும் இழுக்கும். உங்கட எது எண்டு காரின்ர கைநூலில பாருங்கோ, விக்கிறவர் சொல்லுறதைக் கேளாதையுங்கோ. 1,500 எண்டால் அந்த 16 அடியை மறந்திடுங்கோ. போலர் கூட வெறுமையா ஆயிரம் இறாத்தலுக்குக் கிட்ட வரும். தண்ணி, காஸ் சிலிண்டர், பற்றரி, ஐஸ் பெட்டி, அரிசி, சட்டி பானை எல்லாம் ஏத்தினால் எல்லைக்கு வந்து நிக்கும். நான் ஒருக்கா எல்லாம் ஏத்திக்கொண்டு போய்த் தராசில நிறுத்துப் பாத்தனான். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் காட்டிச்சுது. அண்டையில இருந்து வார்ப்பிரும்புத் தோசைக்கல்லு வீட்டிலதான்.

இனிப் போலர். 1968இல வினிப்பெக்கில றே ஒலெக்கோ எண்டவர் செய்தது. சின்னக் காரால இழுக்கக்கூடியதா ஒண்டு வேணும் எண்டதுதான் யோசினை. ஃபைபரில மேல் ஓடு ஒண்டு, கீழ் ஓடு ஒண்டு வார்த்து, நடுவில பொருத்தி விட்டிருக்கு. எனக்கு அதைக் கண்டவுடன ஊரில நிண்ட ஃபைபர் போட்தான் ஞாபகம் வந்தது. மச்சான் போட் பழுதுபாக்கேக்க றெசின் குழைச்சுக் குடுத்த கைதானே இது. மரச் சட்ட ரெயிலருக்குள்ள தண்ணி போனால் சட்டம் உக்கும், நீங்கள் காணமாட்டியள். ஃபைபர் ஓடு உக்காது. உடைஞ்சாலும் தேய்ச்சுப்போட்டு, ஃபைபர்ப் பாய் வச்சு, றெசின் எண்ட பசையைப் பூசி எடுக்கலாம். ஐம்பது வருசப் பழசுக்கு இண்டைக்கும் ஆக்கள் காசு குடுக்கிறதுக்கு அதுதான் காரணம். அப்பாவுக்கு அதைச் சொல்லுங்கோ.

ஆனால் ஓடு நல்லது எண்டு மயங்கிப் போகக்கூடாது. கீழ குனிஞ்சு இரும்பைப் பாருங்கோ. போலரின்ர சட்டத்தில காரோட கொழுவுற முன் நாக்கு வளைஞ்சு உடம்புக்குக் கீழ போற இடம் ஒண்டு இருக்கு. வெடிக்கிறது அங்கதான். என்ரயை முதல் காட்டின கராஜில எல்லாம் சரி எண்டு சொல்லிக் கறுப்புப் பெயின்ற் அடிச்சுத் தந்தவை. எனக்கு மனம் கேக்கேல்லை. கம்பித் தூரிகையால பெயின்ரைச் சுரண்டிப் பாத்தால், தலைமயிர் அளவில ஒரு கோடு, விரல் நீளத்துக்கு ஓடுது. அப்பிடியே இழுத்துக்கொண்டு போயிருந்தால் 401 பெருந்தெருவில காருக்கும் ரெயிலருக்கும் தொடர்பு இருந்திருக்காது. இரும்பு ஒட்டுற வெல்டிங் வேலை தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சு, இரண்டு பக்கமும் தகடு வச்சு ஒட்டுவிச்சனான்.

அடுத்தது அச்சு. போலருக்கு வில்லுத் தகடு இல்லை, குழாய்க்குள்ள றப்பர் வச்ச அச்சு. முப்பது நாப்பது வருசத்தில றப்பர் இறுகிப்போகும். ஜாக் வச்சுத் தூக்கேக்க சில்லு கீழ இறங்காமல் அப்பிடியே நிண்டால் அச்சு செத்திட்டுது எண்டு அர்த்தம். பேந்து ஒவ்வொரு குழியும் நேர ஓட்டில அடிக்கும், தறையாணியள் கழண்டு விழும், அந்த ஓட்டையளால மழை உள்ள வரும். நான் 2011இல புது அச்சுப் போட்டனான். ஜாக்கைச் சட்டத்துக்குக் கீழ வையுங்கோ, அச்சுக் குழாய்க்குக் கீழ ஒருநாளும் வைக்கக்கூடாது.

இப்ப பெயறிங் கதை, சில்லு சுழலுறதுக்கு நடுவில இருக்கிற உருளை வளையம். 2014, கில்பெயார் பார்க்குக்குப் போறம். 400 பெருந்தெருவில வடக்கால போய் பறி சவுண்டுக்குக் கிட்ட பெற்றோல் அடிக்க நிப்பாட்டினால், கருகின மணம். மனிசி பிறேக் எண்டு நினைச்சா. எங்கட ரெயிலருக்கு பிறேக்கே இல்லை. வலப்பக்கச் சில்லின்ர நடுக் குமிழுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனன், வைக்க ஏலாத சூடு. மூடியைச் சுத்திக் கிறீஸ் உருகி றிம் எல்லாம் கறுப்பாத் தெறிச்சுக் கிடக்குது. அந்த வசந்தத்தில காசு குடுத்துத்தான் பெயறிங் செய்வித்தனான். செய்தவர் நட்டை இறுக்கு இறுக்கு எண்டு இறுக்கி விட்டிருக்கிறார். அண்டைக்கு இரவு பிள்ளையளோட அந்த வீதிக்கரையில நிண்டது இப்பவும் மனசில இருக்குது. அதுக்குப் பிறகு அந்த வேலையை நான் ஒருத்தரிட்டையும் குடுக்கிறதில்லை.

வருசத்துக்கு ஒருக்கா, சித்திரை மாதம், அரை நாள் வேலை. மூடியைத் தட்டிக் கழட்டி, நட்டுக் கழராமல் பிடிக்கிற முள்ளாணியை நிமித்தி இழுத்து, நட்டைக் கழட்டினால் வெளிப் பெயறிங் கைக்குள்ள வரும். மண்ணெண்ணெயில கழுவித் துடைச்சு வெளிச்சத்தில பிடிச்சு ஒவ்வொரு உருளையாப் பாருங்கோ. நீலம் பாஞ்சிருந்தால் சூடேறினது. ஊசி குத்தின மாதிரிப் புள்ளி இருந்தால் தண்ணி போனது. இரண்டில எது இருந்தாலும் எறியிறதுதான், அதோட உள்ளுக்கு இருக்கிற வளையத்தையும் சேத்து மாத்தவேணும். நல்லது எண்டால் இடது உள்ளங்கையில கிறீஸை வச்சு, பெயறிங்கின்ர அகலமான பக்கத்தை அதுக்குள்ள அமத்தி அமத்தி இழுங்கோ. மற்றப் பக்கத்தால கிறீஸ் புழு மாதிரி வெளிய வருமட்டும். பின் சீல் புதுசாத்தான் போடவேணும், பழசைத் திருப்பிப் போட்டால் கிறீஸ் ஒழுகும். கடைசியா நட்டு. சில்லைச் சுத்திக்கொண்டு இறுக்கி, பிறகு தளத்தி, விரலால முட்டுமட்டும் மட்டும் இறுக்கி, புது முள்ளாணி. அவ்வளவுதான்.

இப்ப எங்க நிப்பாட்டினாலும் முதல் வேலையா இரண்டு சில்லின்ர நடுவிலயும் கை வச்சுப் பாப்பன். இளஞ்சூடு சரி.

ரயரின்ர மேல் வெட்டு, அந்தப் பூ, நல்லா இருக்குது எண்டு வாங்கிப்போடாதையுங்கோ. ரெயிலர் ரயர் தேயாது, கிழடாகிச் சாகும். பக்கச் சுவரில நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டால் 2019இன்ர 23ஆவது கிழமை செய்தது. ஐஞ்சாறு வருசம் தாண்டினால் மாத்துங்கோ. சில்லுப் பூட்டினால் முதல் 80 கிலோமீற்றரில நிப்பாட்டி நட்டுகளைத் திருப்பி இறுக்குங்கோ.

பாரம் ஏத்திறது கவனம். மொத்தப் பாரத்தில பத்தில இருந்து பதினைஞ்சு வீதம் கொக்கியில இருக்கவேணும். ஒருக்கா நான் தண்ணிக் கானையும் ஐஸ் பெட்டியையும் பின் இருக்கைக்குக் கீழ வச்சிட்டன். கிங்ஸ்ரனுக்குக் கிட்ட ஒரு பெரிய லொறி தாண்டிப் போச்சுது, ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கிச்சுது. பிறேக்கில கால் வைக்காமல், அக்சிலேற்றரில இருந்து மட்டும் காலை எடுத்து, ஸ்ரியறிங்கை நேராப் பிடிச்சதால நிண்டது. பாரமான சாமான் அச்சுக்கு மேல, கொஞ்சம் முன்னுக்கு.

ரெயிலர் ஓடேக்க பிள்ளையள் உள்ள படுக்கக் கேப்பினம். ஒன்ராறியோவில ஓடுற ரெயிலருக்குள்ள ஆக்கள் இருக்கக்கூடாது, சட்டம்.

மல்லாகம்_அக்கா:

தம்பி, அண்ணை சொன்னதுக்கு மேல நான் அந்த 16 அடியைப் பற்றிச் சொல்லுறன். அது மாதிரி 17 அடி ஒண்டு நாங்கள் ஆறு வருசம் வச்சிருந்தனாங்கள். தண்ணிதான் அதைத் திண்டது. கூரையில காத்துப்போக்கியைச் சுத்திப் பூசின பசை வெடிச்சிருந்தது. நாங்கள் ஏறிப் பாக்கேல்லை. இரண்டாம் வருசம் முன் மூலையில சுவர்க் கடதாசி கொப்பளிச்ச மாதிரி எழும்பிச்சுது. தட்டினால் பொத்தெண்டு ஒரு சத்தம். கழட்டிப் பாத்தால் சட்ட மரம் தேயிலைச் சக்கை மாதிரிக் கையில வருது.

பாக்கப் போகேக்க ரோச் கொண்டுபோங்கோ. சுவரோட சேத்து, முன்னுக்கு இருந்து பின்னுக்கு, சரிவா அடிச்சுப் பாருங்கோ, மேடு பள்ளம் தெரியும். அலுமாரிக்குள்ள தலையை விட்டு மூலையள மணந்து பாருங்கோ. கட்டிலுக்குக் கீழ தரையைப் பெருவிரலால அமத்துங்கோ. ஏதாவது இடத்தில சிலிக்கோன் அப்பியிருந்தால் யோசியுங்கோ. சிலிக்கோனுக்கு மேல வேற எந்தப் பசையும் பிடிக்காது, முழுக்கச் சுரண்டி எடுக்கவேணும். கூரைக்கு எண்டு தானே பரவுற பசை விக்குது, அதுக்குக் கீழ பியூட்டைல் நாடா.

பனிக்கு முன்னம் தண்ணியை எடுக்கவேணும். தண்ணி உறைஞ்சால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், குழாய் வெடிக்கும். சுடுதண்ணித் தாங்கியை நிப்பாட்டி, நல்லா ஆறவிட்டு, அமுக்கத்தைத் திறந்து விட்டபிறகுதான் அடிப் பூட்டைக் கழட்டவேணும். பிறகு தாங்கியைச் சுத்திப் போற வால்வைத் திருப்பிப்போட்டு றோஸ் நிற அன்ரிஃபிறீசைப் பம்ப் பண்ணுங்கோ, ஒவ்வொரு குழாயாலயும் றோஸ் வருமட்டும். வால்வைத் திருப்பாட்டி ஆறு கலன் தாங்கிக்குள்ள போய் வீணாகும். காருக்கு ஊத்துற அன்ரிஃபிறீஸ் நஞ்சு, அதை ஒருநாளும் ஊத்தவேண்டாம். நாங்கள் ஒக்ரோபரில வாற தாங்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமையே செய்திடுவம்.

எலிக்குக் கீழ்ப்பக்க ஓட்டை எல்லாம் இரும்புக் கம்பளி. பிளாஸ்ரிக் படங்கு போடாதையுங்கோ, உள்ள ஈரம் நிண்டு பூஞ்சணம் பிடிக்கும். பற்றரியை நிறையச் சார்ஜ் பண்ணி வீட்டுக்குள்ள வையுங்கோ.

மனிசியிட்ட ஒண்டு சொல்லுங்கோ. உள்ள இடியப்பம் அவிக்கவேண்டாம். நான் ஒருக்கா அவிச்சன். ஜன்னல், கூரை, தலையணை எல்லாம் தண்ணி, விடியப் பிள்ளையின்ர போர்வையைப் பிழியலாம். சமையல் வெளியில, மேசையில. நாலு பேர் மூச்சு விட்டாலே ஈரம் வரும், கூரைப் போக்கியையும் ஒரு ஜன்னலையும் இரண்டு விரல் திறந்து வையுங்கோ. குளிருக்கு எண்டு காஸ் அடுப்பை மட்டும் மூட்டிப்போட்டுப் படுக்கவேண்டாம், கார்பன் மொனொக்சைட் ஆளை எழுப்பாமலே கொண்டுபோகும். அந்த வாயுவுக்கு வைக்கிற அலாரத்துக்கும் காலாவதித் திகதி இருக்கு, பின்னுக்குத் திருப்பிப் பாருங்கோ.

ஏஜாக்ஸ்_பெடியன்:

அண்ணைக்கும் அக்காவுக்கும் கனக்க நன்றி. நேற்று இரண்டையும் போய்ப் பாத்தன். கார் சாதாரண ராவ்-4தான், 1,500. அதோட 16 அடி முடிஞ்சுது. எண்டாலும் அக்கா சொன்ன மாதிரி ரோச் அடிச்சுப் பாத்தன். முன் மூலையில அலையாத் தெரிஞ்சுது, கட்டிலுக்குக் கீழ விரல் அமிஞ்சு போச்சுது. விக்கிறவருக்கும் அது தெரியாது போல, பாவம், முகம் மாறிப்போச்சு.

போலரில தரை நல்ல இறுக்கம். நாக்கு வளைவில பெயின்ற் புதுசு, சுரண்ட விடுவினமோ தெரியேல்லை. சில்லைத் தூக்கினால் கொஞ்சம்தான் இறங்குது, ஒரு விரல் அளவு. ரயரில 1512 எண்டு கிடக்குது. பெயறிங்கை நானே செய்ய ஆசை, ஆனால் கையில ஸ்பானர் பிடிச்ச பழக்கம் குறைவு.

நெடுந்தீவான்:

1512 எண்டால் 2012, ரயர் உடன மாத்தவேணும், வீட்டை இழுத்துக்கொண்டு வரக்கூட அதிலை வராதையுங்கோ. ஒரு விரல் இறங்குது எண்டால் அச்சும் முடியிற கட்டம்தான். இரண்டையும் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கோ. வளைவில ஒரு சாண் இடம் சுரண்ட விடாட்டி வாங்கவேண்டாம். நல்லா இருந்தால் நானே திருப்பிப் பெயின்ற் அடிச்சுத் தாறன் எண்டு சொல்லிப் பாருங்கோ.

நான் மார்க்கம் நகரத்தில இருக்கிறன். வாற சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு என்ர வலப்பக்கச் சில்லைக் கழட்டிப் பெயறிங்குக்குக் கிறீஸ் அடைக்கப்போறன். விலாசம் தனிமடலில அனுப்புறன். பழைய சேட் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ, இடப்பக்கத்தை நீங்கள் செய்யலாம்.

ஏஜாக்ஸ்_பெடியன்:

வாறன் அண்ணை. பெரியவனும் வரப்போறன் எண்டு நிக்கிறான்.