விலை சொல்லும்போது குரல் இறங்கும் அந்த நொடி

ஆரி ஊசி, மதுரை:
தை முகூர்த்தம், கல்யாணப் பிளவுஸுக்கு ஆரி எம்பிராய்டரி. முதுகில் ஜோடி மயில், இரண்டு கையிலும் ஜர்தோசி, குந்தன். 11 நாள் ஃப்ரேம் முன்னால் குனிந்தே இருந்தேன். நோட்டில் 6,500 என்று எழுதியும் வைத்திருந்தேன். பெண்ணின் அம்மா பர்ஸைத் திறந்து, "எவ்வளவும்மா?" என்று நிமிர்ந்தார். என் வாயில் 4,500 என்று வந்தது. அவர் பேரம் பேசவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. ஒன்பது ஐந்நூறு ரூபாய்த் தாளை எண்ணி வைத்தார். படி இறங்கும்போது மகள் சொன்னது மேலே கேட்டது: "எட்டாயிரம் கேப்பாங்கன்னு நெனச்சேன்மா." கல்லும் ஜரிகையும் 1,400 போக, நாளுக்கு முந்நூறு ரூபாய்கூட நிற்கவில்லை. பணம் போனது போகட்டும். யாருமே குறைக்கச் சொல்லாதபோது நான் ஏன் குறைத்தேன்? ஒரு வருடம் ஆகிறது, அந்தப் படிக்கட்டுக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

மாவு அக்கா, ஈரோடு:
பாக்கெட் போடும் மெஷின் பார்க்க கோயம்புத்தூர் போனோம். வண்டி ஓட்ட வீட்டுக்காரர் வந்தார். "சிங்கிள் ஃபேஸ்ல ஓடுமா? இட்லி மாவு பொங்குமே, சீல் விட்டுக்காதா?" என்று கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது முழுக்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து. "ஓனர் அவங்கதானுங்க, எனக்கு மாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். கடைசியில் கொட்டேஷனை வாங்க நான் கையை நீட்டினேன். அதைத் தாண்டி அவரிடம் கொடுத்தார்கள். என் கை அப்படியே நின்றது. அதைவிட உறுத்துவது, மெஷினை அங்கேயே வாங்கினேன். ஏழு வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கு கிரைண்டர் போடுகிறவள், எழுந்து வெளியே வந்திருக்க வேண்டாமா?

துணிப்பை, கரூர்:
மதுரைச் சகோதரிக்கு. இது மனசுப் பிரச்சினை இல்லை, கணக்குப் பிரச்சினை. 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும் தைக்க ஆரம்பித்தேன். ஒரு கடை நான்கு மாதம் பணம் தராமல் இழுத்தது. "அண்ணே, கொஞ்சம் பாத்து..." என்று கெஞ்சினேன். அவ்வளவுதான் என் கதை. அப்புறம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உத்யம் என்கிற சிறுதொழிலுக்கான அரசுப் பதிவைச் செய்யுங்கள், காசு கிடையாது, ஆதார், பான் போதும். பதிவு செய்த பிறகு போடும் பில்லுக்குச் சட்டம் துணை நிற்கும். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. எழுத்து இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். இதை பில்லின் அடியில் அச்சடித்துவிட்டேன். சட்டமே என் பக்கம் பேசுகிறது என்று தெரிந்த பிறகு "அண்ணே" போய் "சார், தேதி தாண்டிடுச்சு" என்று வருகிறது. நீங்களும் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று உங்கள் கூலியை முதலில் எழுதுங்கள், பொருள் விலையை அப்புறம். கரண்ட், வாடகை, ஊசி உடைவது எல்லாம் சேருங்கள்.

ஆரி ஊசி, மதுரை:
கரூர் அக்கா, 45 நாள் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் கணக்கு என்னிடம் இருந்தது. 6,500 என்று என் கையெழுத்தில், கண் முன்னால் இருந்தது. அதை வாயால் சொல்ல முடியாததைத்தான் எழுதினேன். கணக்கு தெரியாதவள் என்று சொல்லிவிடாதீர்கள்.

பார்லர், தஞ்சாவூர்:
மதுரை சொல்வதுதான் சரி. நான் மணப்பெண் மேக்கப் விலையை பிரஷ் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வேன். ஒருநாள் என்னிடம் வேலை பழகும் பெண் கேட்டாள்: "ஏன்க்கா விலை சொல்லும்போது மட்டும் திரும்பிக்கிறீங்க?" இப்போது தண்ணீரை மூடிவிட்டு, உட்கார்ந்து சொல்கிறேன். இன்னும் நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது.

ஆரி ஊசி, மதுரை:
நேற்று ஒரு வளைகாப்புப் பிளவுஸ் வந்தது. எழுந்து கதவைச் சாத்தி, உட்கார்ந்து, "5,800" என்றேன். அந்த அம்மா பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். குறைத்துச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் அவர் துணியை விரித்து, "இந்தப் பச்சைக்கு மேட்ச்சா நூல் கிடைக்குமா?" என்றார்.