எடை குறைப்பு ஆபரேஷன் ஆய்வில் அக்காவைச் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

திருமங்கலம் தம்பி:
அக்காவுக்கு 44 வயது, 155 செ.மீ. உயரம், 88 கிலோ. சுகர் வந்து பல வருஷமாச்சு, மாத்திரை போதாமல் இன்சுலினும் போடுகிறார். மதுரையில் காட்டிவரும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறதாம். பாதிப் பேருக்கு இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன், மீதிப் பேருக்கு வாரம் ஒரு ஊசியும் உணவுக் கட்டுப்பாடும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுமாம், டாக்டர் கையில்கூட இல்லையாம். ஒரு கத்தை தாள் கொடுத்துக் கையெழுத்து கேட்கிறார்கள். "என் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களா" என்று அம்மா அழுகிறார். அக்காவோ முட்டி வலியில் மாடிப்படி ஏற முடியாமல், எதையாவது செய்யுங்கள் என்கிற நிலையில் இருக்கிறார், எனக்குப் பயமே அதுதான். குலுக்கல் போட்டு வைத்தியத்தை முடிவு செய்யலாமா? இந்த எடைக்கு ஆபரேஷன் வரைக்கும் போகணுமா?

தல்லாகுளம் நர்ஸ்:
தம்பி, எடையை முதலில் பார்த்துவிடலாம். அக்காவின் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 36-க்கு மேல் வருகிறது. ஆபரேஷனுக்கு 1991-இல் அமெரிக்காவில் வகுத்த அளவு 40, சுகர் மாதிரி நோய் இருந்தால் 35. நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுவதால் இங்கே 37.5, நோய் இருந்தால் 32.5 என்று வைத்தார்கள். 2022-இல் உலக அளவிலேயே இன்னும் இறக்கிவிட்டார்கள். அதனால் அக்காவுக்கு ஆபரேஷன் என்பது மிகையான யோசனை இல்லை.

குலுக்கல் ஏன் என்றால், ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் சுமார் 4,000 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள், ஆபரேஷன் செய்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் அது குலுக்கல் இல்லை, விரும்பியவர்கள் செய்துகொண்டார்கள். பலன் ஆபரேஷனால் வந்ததா, துணிந்து வந்தவர்கள் வேறு வகை ஆட்களா என்ற சந்தேகம் அதில் முழுசாகத் தீராது. பிறகு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சுகர் உள்ள 150 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, மூன்று மாதச் சராசரி சுகர் (எச்பிஏ1சி) 6% அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5%, ஸ்லீவ் செய்தவர்களில் 23%, பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்களில் 29%. இப்போது வந்திருக்கும் ஊசிகள் அன்று இல்லை, அதனால்தான் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வாடிப்பட்டிக்காரன்:
நான் ஸ்லீவ் செய்துகொண்டவன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப ஒட்டவைக்க முடியாது. எடை நன்றாக இறங்கியது, இன்சுலின் நின்றது, அதில் எனக்கு நிறைவுதான். ஆனால் படுத்தால் நெஞ்சு எரிகிறது. இது எனக்கு மட்டுமில்லை, பின்லாந்தில் 240 பேரில் செய்த ஆய்வில், பத்து வருஷம் கழித்து உணவுக்குழாயில் புண் இருந்தது ஸ்லீவ் செய்தவர்களில் 31%, பைபாஸில் 7%. அக்காவுக்கு இப்போதே நெஞ்செரிச்சல் இருந்தால் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ஆயுசுக்கும் உண்டு. அப்புறம், ஆபரேஷன்தான் வேண்டும் என்று அக்கா மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தால் ஆய்வில் சேரக்கூடாது. ஊசிப் பக்கம் விழுந்தால் பாதியில் விட்டுவிடுவார், அவருக்கும் நஷ்டம், ஆய்வுக்கும் நஷ்டம்.

கே.கே.நகர் வாசகி:
எல்லாரும் ஆபரேஷனையே பேசுகிறீர்கள். நான் கேட்பது ஊசிப் பக்கத்தை. செமாக்ளூடைடு என்ற வார ஊசியில், சுகர் இல்லாதவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15% எடை குறைந்தது உண்மை. ஆனால் நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரே வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆய்வு முடிந்த மறுநாள் ஊசிக்கு யார் காசு கொடுப்பார்கள்? மாசாமாசம் வாங்க உங்கள் வீட்டால் முடியுமா? இதற்கு எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஊசிக்காரர்கள் பிறகு விரும்பினால் ஆபரேஷன் செய்து தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

தாளில் சிடிஆர்ஐ பதிவு எண் இருக்கும். அது மத்திய அரசின் ஆய்வுப் பதிவேடு, 2007-இலிருந்து இருக்கிறது, இணையத்தில் யாரும் தேடலாம். எண் இல்லையென்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். தாளைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து படிப்பது உங்கள் உரிமை. ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை சொல்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக்கூடாது.

திருமங்கலம் தம்பி:
ரொம்ப நன்றி. பதிவு எண் இருக்கிறது, தேடினேன், வருகிறது. ஆய்வு முடிந்த பிறகு ஊசி பற்றி ஒரு வரிகூடத் தாளில் இல்லை. அக்காவுக்கு இரவில் நெஞ்செரிச்சல் உண்டு, டாக்டரிடம் அவர் சொன்னதே இல்லை.

தல்லாகுளம் நர்ஸ்:
அப்படியானால் முதலில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த முடிவைப் பொறுத்து ஸ்லீவ் அவருக்கு ஒத்துவருமா என்பதே மாறலாம். ஊசி விஷயத்தை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடமே எழுதிக் கேளுங்கள், தொடர்பு எண் தாளின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.