ஏழு இஞ்ச் டெஸ்க்டாப்புக்கு நான் கொடுத்த விலை

2023 ஆடி மாசம், சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடை. வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக், கையில் பிடித்து கேம் ஆடும் சின்னக் கம்ப்யூட்டர், 64 ஜிபி. அமெரிக்காவில் 399 டாலர், அன்றைய கணக்குக்கு 33,000 ரூபாய்க்குள். கடைக்காரர் சொன்னது 46,000. "நம்ம ஊர்ல கம்பெனி விக்கலையே சார், ஃப்ளைட்ல வந்த சரக்கு" என்றார். பேரம் பேசி 44,500க்கு முடிந்தது. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தேதி போட்டுக் கொடுத்தார். வாரண்டியும் அந்தக் கார்டுதான்.

வீட்டில் "கம்ப்யூட்டர் வாங்குறேன்" என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில் டெஸ்க்டாப் மோட் இருக்கிறது. உள்ளே விண்டோஸுக்குப் பதில் முழு லினக்ஸ், கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் திரை, 16 ஜிபி ரேம். ஆனால் ஏழு இஞ்ச் திரையில் கணக்குத் தாளைத் திறந்தால் எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரியும். அங்கே ஆரம்பித்தது செலவு. டைப்-சி ஹப் 2,200. செகண்ட் ஹேண்ட் 22 இஞ்ச் மானிட்டர் 4,500. கீபோர்டும் மவுஸும் 1,100. இரண்டு கேம் போட்டதும் 64 ஜிபி நிரம்பிவிட, 2230 அளவு எஸ்எஸ்டி 5,700. ஆகமொத்தம் 58,000.

தமிழில் தட்டச்ச, பேக்மேன் என்ற லினக்ஸ் நிறுவும் கருவி வழியாக ஒரு மென்பொருள் பொதி போட்டேன், அருமையாக வேலை செய்தது. அடுத்த சிஸ்டம் அப்டேட்டில் அதைக் காணோம். டெக்கில் உள்ள லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்ஸில் சிஸ்டம் பகுதி பூட்டியே இருக்கும், அப்டேட் அதை அப்படியே மாற்றி வைத்துவிடும், ஃப்ளாட்பேக் என்ற தனிப் பொதி முறையில் போட்டதுதான் தங்கும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

ஒன்றுக்காக மன்னிக்கலாம். கரண்ட் போனால் மானிட்டர் மட்டும்தான் அணையும். கேபிளை உருவிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், பாதியில் விட்ட வரியைத் தொடரலாம்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். அதே வருஷம் தம்பிக்கு ரைசன் 5600ஜி பிராசசர் போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணினேன். மானிட்டர் இல்லாமல் 30,000 சொச்சம். மேசையை விட்டு நகராது என்றால் அதுதான் லாபம், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் 399 டாலரே வால்வுக்குக் கையைக் கடித்த விலை. 2021இல் விலையை முடிவு செய்தது வலித்தது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல்லே சொன்னார். வால்வின் ஸ்டீம் ஆன்லைன் கடையில் விற்கும் கேமில் வரும் பங்கில் அதை எடுத்துவிடலாம். வாங்கினவர் கேமே வாங்காமல் உங்களைப் போல ஆபீஸ் வேலை பார்த்தால்? சோனியின் கேம் கன்சோலான பிஎஸ்3 கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் 60 ஜிபி மாடல் 599 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்துப் போட்ட கணக்கில் அடக்க விலை சுமார் 840 டாலர். அதில் லினக்ஸ் போடலாம் என்றதும் அமெரிக்க விமானப்படை 1,760 பிஎஸ்3களைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. அத்தனை பெட்டியில் எத்தனை கேம் ஓடியிருக்கும்! 2010 ஏப்ரல் 1இல் வந்த அப்டேட்டில் அந்த லினக்ஸ் வசதி போய்விட்டது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள்.

அதனால்தான் 2025 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற கேம் கம்ப்யூட்டர் பெட்டியை அறிவித்த வால்வ், அதே திறனுள்ள பிசிக்கு ஆகும் விலையை ஒட்டித்தான் இருக்கும், மானியம் கிடையாது என்றபோது எனக்கு ஆச்சரியமில்லை. பூட்டுப் போடாத பெட்டியை நஷ்டத்துக்கு விற்றால், ஆபீஸுக்கு நூறு நூறாக வாங்கிப் போய்விடுவார்கள். கன்சோல் விலையில் பிசியை எதிர்பார்ப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

*

கோவையிலிருந்து இன்னொரு வாசகர் நான். 2023 ஜூலையில் டெக் மாதிரியே கையில் பிடித்து ஆடும் ஏசஸின் ஆர்ஓஜி அலை (ROG Ally) இங்கே முறைப்படி 69,990க்கு வந்தது. உங்கள் டெக்கைவிட 25,000 கூடத்தான். ஆனால் ஜிஎஸ்டி பில், இந்திய வாரண்டி, கூடவே விண்டோஸ். கன்சோலுக்கு அப்போது 28 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 18. என் பில்லில் 18தான். தொழில் கணக்கில் காட்டினேன். விண்டோஸில் மூலையிலுள்ள பெருக்கல் குறியை விரலால் தொட மூன்று தடவை ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பில்லைப் பார்த்த ஆடிட்டர் "இது என்ன சார், லேப்டாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதற்கும் பெட்டியின் மேலட்டைப் படத்தை அவரிடம் காட்டவில்லை.