அப்பா ஸ்கேனில் ‘மூளைச் சுருக்கம்’னு இருக்கு, பயப்படணுமா?

செல்லூர் மகள்:
அப்பாவுக்கு 72. கீழமாசி வீதி பலசரக்குக் கடையில 40 வருஷம் கணக்கு எழுதினவர். தலைசுத்தல்னு எம்ஆர்ஐ எடுத்தோம். ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’னு ரிப்போர்ட். ஆளுங்க பேரு சட்டுன்னு வரமாட்டேங்குது. ஆனா வத்தல் மூட்டைக் கணக்கு இன்னும் விரல்நுனியில. மறதி நோயா இது? எனக்குத் தூக்கமே இல்ல.

திருமங்கலம் நர்ஸம்மா:
தாயி, அந்த ஒரு வரிய வச்சு முடிவு கட்டாத. 40 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்குச் சுமார் 5 சதவீதம் மூளை எல்லாருக்குமே குறையும். நெத்திக்குப் பின்னால உள்ள பகுதியும், புது நினைவைப் பதியவைக்கிற ஹிப்போகேம்பஸும் கூடுதலாச் சுருங்கும். நடுவுல நீர் நிக்கிற அறைகள் விரியும். நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாச் சாகுறதில்ல. பெரும்பாலும் அணுக்கள் சிறுத்து, இணைப்புகள்தான் குறையுது. அதனால பேரு நாக்கு நுனியில நிக்கும், பழகின தொழில் நிலைக்கும். கொஞ்ச நேரங்கழிச்சுப் பேரு ஞாபகம் வந்துட்டா பெருசா கவலைப்படாத. தெரிஞ்ச தெருவுல வழி தப்பினாலோ, குடுத்த காசையே மறுபடி குடுத்தாலோ நரம்பியல் டாக்டர்ட்ட உடனே போ. எங்க வீட்டுக்காரருக்கு அதைக் கவனிக்க நானே ரெண்டு வருஷம் தாமதிச்சேன். இன்னும் மனசு ஆறல.

அனுப்பானடி தம்பி:
2011ல வெளியான அமெரிக்க ஆய்வுல 120 முதியவங்கள்ல பாதிப்பேர் ஒரு வருஷம் வேகமா நடந்தாங்க. அவங்க ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்துச்சு. தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கக் கூட்டிட்டுப் போங்கக்கா.

திருமங்கலம் நர்ஸம்மா:
தலைசுத்தலுக்குக் காரணம் தெரிஞ்சப்புறம் நடக்கட்டும். பிரஷர், சுகர், காது மூணையும் பாத்துரு.

செல்லூர் மகள்:
காது மந்தந்தாம்மா. நாளைக்கே காட்டுறேன்.